கடைமடை வரைக்கும் கேட்கணும்: கடல் காப்பகமும் கருத்துக்கேட்பும்

(பரமத்தி வேலூரில் நடந்த நம் தகவல் தொழில்நுட்ப அணியின் கலந்துரையாடல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத நண்பர்கள் கேட்டதால் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.)



என்னைப் பேசச் சொன்ன தலைப்பு கடல் காப்பகம். நம்ம ஊருக்கும் கடலுக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கு. வேலூர்க்காரன் கடலைப் பற்றிப் பேச என்ன இருக்குன்னு நீங்க நினைக்கலாம். அதையே என்னிடம் ஒருத்தன் நேராகக் கேட்டான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி நம் பக்கத்துக்காக ஒரு கார்டு டிசைன் பண்ணினேன். நீலக் கடல், நடுவில் ஒரு கடற்பசு, மேலே பெரிய எழுத்தில் "கடலைக் காப்போம், காப்பகங்களைப் பெருக்குவோம்". நல்லா வந்திருந்தது. நீங்களும் ஷேர் பண்ணினீங்க. அன்னைக்கு ராத்திரி என் பழைய ஹாஸ்டல் ரூம்மேட் போன் பண்ணினான். சேதுபாவாசத்திரம் பக்கத்துப் பையன், மீனவர் வீடு. நானும் அவனும் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்து மெக்கானிக்கல் படித்தோம். அவன் கேட்டது ஒரே கேள்விதான். "மச்சான், கார்டு அழகா இருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்குப் பதில் வரலை. கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் கடற்பசுவுக்கு எதிரி இல்லை. அவன் அப்பா வலையில் கடற்பசு மாட்டினால் அறுத்து விடுகிற ஆள். அவன் கோபம் வேறு. அவனுடைய கடலைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், அவனைத் தவிர. அந்த வரிசையில் நானும் ஒருத்தனாக நின்றிருக்கிறேன்.

அதனால் இன்னைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கடலுக்குக் காப்பகம் வேண்டும். ஆனால் காப்பகத்துக்கு முன்னாடி கருத்துக்கேட்பு ஒழுங்காக நடக்க வேண்டும். அது சடங்காக நடந்தால் கடலும் காப்பாற்றப்படாது, மீனவனும் காப்பாற்றப்பட மாட்டான். அதில் உள்நாட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கு.

முதலில் விஷயத்தைத் தெரிஞ்சுக்குவோம்.

பாக் விரிகுடாவில் என்ன நடந்தது?

2022 செப்டம்பர் 21. தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரக் கடல்பகுதி, சுமார் 448 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் இது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மனோரா, சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம்னு போகிற கரை அது.

கடற்பசுவை அந்தக் கரையில் ஆவுளியான்னு சொல்வாங்க. மீன் இல்லை, பாலூட்டி. கடலுக்கடியில் முளைக்கிற கடற்புல்லை மேய்கிற பிராணி. ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ புல் வரை தின்னும். சினைக்காலம் ஒரு வருஷத்துக்கு மேல். ஒரு ஈற்றுக்கு ஒரு கன்று, அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழு வருஷம் ஆகும். எருமை, மாடு வளர்த்த நம்ம வீடுகளில் இந்தக் கணக்கு உடனே புரியும். ஒன்று செத்தால் அந்த இடத்தை நிரப்ப எத்தனை வருஷம் ஆகும் பாருங்க. இந்தியக் கடல்களில் மொத்தமே சுமார் 240 இருக்கலாம் என்பதுதான் அறிவிப்பு வந்தபோது சொல்லப்பட்ட மதிப்பீடு. அதில் பெரும்பகுதி நம் பாக் விரிகுடாவில்.

கடற்புல் இருக்கிற இடம் ஆவுளியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. இறால், நண்டு, கணவாய், மீன் குஞ்சு எல்லாம் வளர்கிற தொட்டில் அது. இழுவை மடி அந்தப் புல்லைத் துடைத்து எடுத்துவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது ஆவுளியா, அடுத்து பட்டினி கிடப்பது கரையோரத்தில் வலை போடுகிற நாட்டுப்படகுக்காரர். ஆக, காப்பகத்தின் நோக்கத்தில் தப்பில்லை. மீனவருக்கே நன்மை இருக்கு. புதிய கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாதுன்னும் அரசு அப்போது சொன்னது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டி வெகுமதி கொடுத்த நிகழ்வுகளும் அந்தக் கரையில் உண்டு. நல்லதை நல்லதுன்னு சொல்லணும். யார் ஆட்சி என்பது இதற்கு ஒரு பொருட்டில்லை.

அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை சட்டத்தின் எழுத்தில் இருக்கு. கூட்டத்துக்குத் தயார் பண்ணும்போதுதான் நானே அதை வாசித்தேன். அசந்துட்டேன்.

சட்டம் யாருக்கு நாற்காலி போட்டிருக்கு?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதில் 2002-ல் ஒரு திருத்தம் வந்தது. 36ஏ என்ற பிரிவு. உள்ளூர் மக்களிடம் கலந்தாலோசித்த பிறகு, அரசுக்குச் சொந்தமான பகுதியை மாநில அரசு பாதுகாப்பகமாக அறிவிக்கலாம் என்கிறது. நிலப்பரப்பு மட்டுமில்லை, கடல்பரப்பையும் சேர்த்தே அந்தப் பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் எப்படிக் கேட்கணும், எங்கே கேட்கணும், எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், எந்த மொழியில் கேட்கணும், சொன்ன ஆட்சேபத்துக்கு யார் பதில் சொல்லணும்? அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது.

ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு தொழிற்சாலையோ சுரங்கமோ வந்தால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாநில மொழியில் சுருக்கம் வேண்டும். திட்டம் வரும் இடத்திலோ அதன் பக்கத்திலோ கூட்டம் நடக்கணும். முழுக்க வீடியோ எடுக்கணும். அது நடைமுறையில் எப்படி நடக்குதுன்னு நமக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கு. கடல் காப்பகத்துக்கு அந்தப் பிடிகூட இல்லை.

அடுத்தது 36பி. காப்பகத்தை நிர்வாகம் பண்ண ஆலோசனை சொல்கிற குழு. அதில் யார் யார்? வனத்துறை ஒருத்தர். காப்பகம் இருக்கிற ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒருத்தர். வனவிலங்குத் தொண்டு நிறுவனங்களில் இருந்து மூன்று பேர். வேளாண்மைத் துறை ஒருத்தர். கால்நடைப் பராமரிப்புத் துறை ஒருத்தர்.

திரும்பச் சொல்கிறேன். வேளாண்மைத் துறைக்கு நாற்காலி இருக்கு. கால்நடைத் துறைக்கு நாற்காலி இருக்கு. மீன்வளத் துறைக்கு இல்லை. மீனவருக்கும் "மீனவர்" என்ற பெயரில் நாற்காலி இல்லை.

சட்டம் எழுதியவர்களைத் திட்டறதுக்காகச் சொல்லலை. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மனசில் வைத்து எழுதின சட்டம். அதைத் தூக்கிக் கடல்மேல் வைத்திருக்கிறோம். கடலோரத்தில் முடிவெடுக்கிற இடம் பெரும்பாலும் ஊர்க் கூட்டம், ஜமாத், படகுச் சங்கம். சட்டத்துக்குத் தெரிந்தது தேர்தல் நடந்த கிராமப் பஞ்சாயத்து மட்டும். அதிராம்பட்டினம் மாதிரி நகராட்சியாகிவிட்ட ஊர்க் கடற்கரை மீனவரை அந்த எழுத்து எங்கே உட்கார வைக்கும்? கூடுதலாக ஆளைச் சேர்க்கலாம், அரசு மனசு வைத்தால். ஆனால் உரிமையைச் சட்டத்தில் எழுதணும். ஒருத்தர் மனசைப் பார்த்துக் காத்திருக்க முடியாது.

இதே சட்டத்தில் 1991 திருத்தத்தில் நல்ல வரி ஒன்று இருக்கு. கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவிக்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைப் பாதுகாக்கப் போதுமான நடவடிக்கை எடுத்த பிறகே எல்லையை முடிவு செய்யணும். அருமையான வரி. ஆனால் அது சரணாலயத்துக்கு எழுதினது. அதே வரியைப் பாதுகாப்பகத்துக்கும் எழுதுங்கன்னு கேட்பதில் என்ன தப்பு?

மன்னார் வளைகுடா சொல்கிற பாடம்

இது புதுக் கதை இல்லை. 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பின காலம் அங்கே முடிவுக்கு வந்தது. அது வரவேற்க வேண்டியது.

ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றித் தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்கள் இருக்காங்க. ராமநாதபுரம் கடலோரக் கிராமத்துப் பெண்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் இருந்து பாசி பறிப்பாங்க. சோப்பு டப்பா மாதிரி பாதுகாப்பான நகரத்து வேலை இல்லை அது. ஒவ்வொரு மூழ்கலும் உயிரோடு விளையாட்டு. பூங்கா வந்த பிறகு, குறிப்பாக 2000-க்கு அப்புறம் கெடுபிடி கூடினதும், அவங்க தொழில் செய்யும் இடத்திலேயே அத்துமீறி நுழைந்தவங்க ஆனாங்க. வழக்கு, அபராதம், பிடித்த பாசி பறிமுதல்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அதே பெண்கள் தங்களுக்குள்ளே உட்கார்ந்து பேசி, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுக்காமல் விடுவதுன்னு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. பாசி மறுபடி வளரணுமே! யாரும் அரசாணை போடலை. நாற்காலி போட்டு முதலிலேயே அவங்களைக் கேட்டிருந்தால், பூங்காவுக்குக் காவலாளிகளாகவே அவங்க இருந்திருப்பாங்க.

2001-ல் கடல் அட்டை பிடிக்க முழுத் தடை வந்தது. அட்டை குறைந்துபோச்சு, பாதுகாக்கணும் என்பது காரணம். ஒரே கடலின் அந்தக் கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், இந்தக் கரையில் பிடித்தால் புலியைக் கொன்ற அட்டவணையில் வழக்கு. இன்றைக்கு வரைக்கும் மீனவர் சங்கங்கள் அதைப் பற்றிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. தடை சரியா தப்பா என்பது தனி விவாதம். கலந்து பேசி வராத விதி இருபது வருஷம் ஆனாலும் மக்கள் விதியாக மாறலை என்பதைத்தான் சொல்கிறேன்.

பேசி வந்த விதி எப்படி நிற்கும்? அதுக்கும் பாக் விரிகுடாதான் உதாரணம். விசைப்படகு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகு மற்ற 4 நாள் கடலுக்குப் போகும். இரண்டு தரப்பும் மோதி, படகு உடைந்து, வலை அறுந்து, அப்புறம் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு இது. பல பத்தாண்டுகளாக இருக்கு. மீறல் இல்லாமல் இல்லை. ஆனால் மீறினால் "இது நம்ம பேசின பேச்சு"ன்னு கேட்கிற உரிமை ஒவ்வொரு படகுக்காரருக்கும் இருக்கு. அந்த உரிமை உணர்ச்சிதான் எந்த ரோந்துப் படகையும்விடப் பெரிய காவல்.

லட்சம் கையெழுத்தும் ஒரு தீவும்

இப்போ நம்ம அணி சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகள்னு இருக்கு. டீகோ கார்சியா ராணுவத் தளம் இருக்கிற இடம். அங்கே வாழ்ந்த மக்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் பிரிட்டன் மொத்தமாக வெளியேற்றியது. அவங்க மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் ஏழைகளாகக் கிடந்து, திரும்பிப் போக நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தாங்க. 2009 நவம்பரில் பிரிட்டன் ஒரு பொதுமக்கள் கருத்துக்கேட்பு ஆரம்பித்தது. அந்தக் கடலை உலகத்திலேயே பெரிய கடல் காப்பகம் ஆக்கலாமா? உலகம் முழுக்க இணையத்தில் ஆதரவு குவிந்தது. மனுக்களில் இருந்த கையெழுத்தையும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்கு மேல். 2010 ஏப்ரல் 1 அன்று, சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவிப்பு. மீன்பிடிக்கத் தடை. ராணுவத் தளம் இருக்கிற டீகோ கார்சியாவும் அதைச் சுற்றின 3 கடல் மைலும் மட்டும் காப்பகத்துக்கு வெளியே!

பின்னாடி வெளியே கசிந்த அமெரிக்கத் தூதரக ஆவணம் ஒன்றில், இந்தக் காப்பகம் வந்தால் தீவு மக்கள் திரும்பி வந்து குடியேறுவது கடினமாகும் என்ற கணக்கும் பதிவாகியிருந்தது. 2015 மார்ச்சில் சர்வதேச நடுவர் மன்றம், மொரீஷியஸின் உரிமைகளுக்கு உரிய மதிப்புக் கொடுக்காமல் அந்தக் காப்பகத்தை அறிவித்தது கடல் சட்ட உடன்படிக்கையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த இரண்டரை லட்சம் பேரில் பெரும்பாலோர் கெட்டவங்களா? இல்லைங்க. கடலை நேசிக்கிற நல்லவங்க. ஒரு படம் பார்த்து, மனசு உருகி, ஒரு பட்டனை அழுத்தினவங்க. என் கார்டை ஷேர் பண்ணின நம்மை மாதிரி. அவங்க ஒவ்வொரு க்ளிக்கும், சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் தவித்த சில ஆயிரம் பேர் குரல்மேல் ஒரு கல்லாக விழுந்தது. ட்ரெண்டிங் பண்ணத் தெரிந்த நமக்கு இது பெரிய எச்சரிக்கை. கருத்துக்கேட்பை வாக்கு எண்ணிக்கை மாதிரி நடத்தினால் செல்போன் அதிகம் இருக்கிற ஊர்தான் ஜெயிக்கும். பாதிக்கப்படுகிறவர் குரலுக்கு எடை கூட இருக்கணும்.

நம்ம ஊருக்கு இது புரியாதா?

புரியும். நம்ம ஊருக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

கெயில் குழாய் ஞாபகம் இருக்கா? கொச்சியில் இருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டு போகிற திட்டம். நாமக்கல், சேலம் உட்பட ஏழு மாவட்ட விவசாய நிலத்தில் குழாய். விவசாயிகள் போராடி, நீதிமன்றம் போய், 2013 மார்ச்சில் அவங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டாங்க. விளைநிலம் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கன்னு விவசாயிகள் தெளிவாகச் சொன்னாங்க. அன்றைய மாநில அரசும் அதையே முடிவாக அறிவித்தது. ஆனால் 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குழாய்க்குச் சாதகமாகப் போனது. கேட்ட கருத்துக்குச் சட்ட பலம் இல்லாததால் அவ்வளவு பேர் சொன்னதும் காகிதத்தோடு போச்சு.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் காலேஜ் படிக்கும்போது எங்க பக்கத்தில் ஒரு திட்டத்துக்குக் கூட்டம் நடந்தது. எந்தத் திட்டம், யார் நடத்தினாங்க என்பது இப்போ முக்கியம் இல்லை. எங்க அப்பாருவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கொடிக்காலில் கிள்ளு வேலை நடக்கிற நாள் பார்த்து, காலை பதினொரு மணிக்குக் கூட்டம். மேஜையில் வைத்திருந்த அறிக்கை முழுக்க இங்கிலீஷ். வரைபடத்தில் எங்க தோட்டம் எங்கே இருக்குன்னு எனக்கே அரை மணி நேரம் ஆச்சு, இன்ஜினியரிங் படித்துக்கிட்டு இருந்த எனக்கு! அப்பாரு ஒரு கேள்வி கேட்டார். "நாங்க சொல்றதை எழுதிக்குவீங்களா, எழுதினா படிப்பீங்களா?" பதில் சொல்ல ஆள் இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாங்க. கலந்துகொண்டதுக்குக் கையெழுத்தா, சம்மதிச்சதுக்குக் கையெழுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அன்னைக்கு எங்க அப்பாரு நின்ன இடத்தில்தான் என் நண்பனோட அப்பா நாளைக்கு நிற்கப் போகிறார்.

இன்னொரு தொடர்பும் இருக்கு. ஜேடர்பாளையத்தில் அணை கட்டி ராஜா வாய்க்காலில் தண்ணீர் எடுத்து நம்ம வாழையும் வெற்றிலையும் வளர்க்கிறோம். மிச்சக் காவிரி முக்கொம்பு, கல்லணை தாண்டி, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டை, பேராவூரணிக் கடைமடைக்குப் போகுது. கடைமடைக்கு அந்தப் பக்கம் கடல். அதே கடல்தான் இந்தக் காப்பகம். நம்ம மாவட்டத்துக் கோழிப்பண்ணைத் தீவனத்தில் கலக்கிற கருவாட்டுத் தூள் எங்கிருந்து வருது? இழுவை மடியில் வருகிற கழிசல் மீனும் குஞ்சு மீனும் காய்ந்து அரைபட்டுத் தீவனமாகுது. நாம் தின்கிற முட்டைக்குள்ளேயும் கொஞ்சம் கடல் இருக்குங்க. அதனால் கடல் அழிவதில் நமக்குப் பங்கே இல்லைன்னு கையைக் கழுவ முடியாது.

என்ன கேட்கணும்?

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒரு இலக்கு வைத்தன. 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதம் பாதுகாப்பில் வரணும். இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அப்படின்னா இன்னும் காப்பகங்கள் வரும், இன்னும் கருத்துக்கேட்புகள் வரும். வருவதற்கு முன்னாடியே நம் கோரிக்கை தெளிவாக இருக்கணும்.

ஒன்று. வரைவு அறிவிப்பு முழுக்கத் தமிழில் வேண்டும். 2020-ல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை மாநில மொழிகளில் கொடுக்கச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. மறுபடி அந்த நிலை வேண்டாம். வரைபடமும் மீனவர் மொழியில் இருக்கணும். அட்சரேகை தீர்க்கரேகை மட்டும் போதாது. எத்தனை பாகம் ஆழம், எந்தப் பார், கரையில் எந்தக் கோபுரத்துக்கு நேர், இதெல்லாம் வரைபடத்தில் இருந்தால்தான் படகில் நிற்கிறவருக்கு எல்லை தெரியும்.

இரண்டு. கூட்டம் ஊர் ஊராக, மீனவர் கரையில் இருக்கிற நாளில் நடக்கணும். விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள். மாவட்டத் தலைநகரில் ஒரே கூட்டம் போதாது. மீன் விற்கிற, பாசி எடுக்கிற, நண்டு உடைக்கிற பெண்களுக்குத் தனிக் கூட்டம் வேண்டும். ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் அவங்க பேச வாய்ப்புக் கிடைப்பதே இல்லை.

மூன்று. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. முழு வீடியோ பதிவு. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில். ஏற்கலைன்னா ஏன் ஏற்கலைன்னு காரணம்.

நான்கு. நிர்வாகக் குழுவில் மீன்வளத் துறைக்கும், மீனவர் பிரதிநிதிகளுக்கும், மீனவப் பெண்களுக்கும் சட்டப்படி இடம். இதற்கு நாடாளுமன்றத்தில் திருத்தம் வேண்டும். அதுவரை மாநில அரசு ஆணை மூலமாவது சேர்க்கணும்.

ஐந்து. எந்த வலை, எந்தப் படகு, எந்த மாதம் அனுமதி என்பது அறிவிப்பிலேயே எழுதப்படணும். வாய்மொழி உறுதி அதிகாரி மாறினால் மாறிவிடும். ஆவுளியாவைக் காப்பாற்ற வலையை அறுத்தவருக்கு வலையின் முழு விலை தாமதம் இல்லாமல் கிடைக்கணும்.

ஆறு. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கணும். நாட்டுப்படகைக் கட்டுப்படுத்துகிற அதே நேரத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலில் ஹைட்ரோகார்பன் எடுக்க 2025-ல் ஒன்றிய அரசு ஏலம் அறிவிக்குது. வலை போடுகிறவன் கடலைக் கெடுக்கிறான், துளை போடுகிறவன் வளர்க்கிறான் என்ற கணக்கை எந்த மீனவன் ஒத்துக்குவான்?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லணும். மீனவர் எல்லாரும் ஒரே குரலில் பேச மாட்டாங்க. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்குன்னு சட்டம் சொல்லுது. அதை மீறுகிற விசைப்படகும் இருக்கு, தடை செய்த இரட்டை மடி போடுகிறவரும் இருக்காங்க. கருத்துக்கேட்பில் சத்தமாகப் பேசுகிறவர் முதலாளியாக இருக்கலாம், பேசாமல் நிற்கிறவர் கூலியாக இருக்கலாம். அதனால்தான் ஒரே கூட்டம் போதாது, தனித்தனியாகக் கேட்கணும்னு சொல்கிறேன். கேட்ட பிறகும் சில கடினமான முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கேட்டு எடுத்த முடிவை எதிர்க்கிறவர்கூட மதிப்பார்.

நாம் என்ன செய்யணும்?

நம் அணியில் இருக்கிறவங்களுக்கு மூன்று வேலை.

முதல் வேலை, மொழிபெயர்ப்பு. கடலோரம் பற்றி அரசிதழிலோ இணையத்திலோ எந்த வரைவு வந்தாலும், மூன்று நாளில் எளிய தமிழில் சுருக்கி, குரல் பதிவாகவும் ஆக்கிக் கடலோர மாவட்ட அணிகளுக்கு அனுப்புவோம். படகில் இருக்கிறவர் படிக்க மாட்டார், கேட்பார். கடைசித் தேதி பெரிதாகத் தெரியணும். இங்கே இருக்கிற இன்ஜினியர்களுக்கு இது ஒரு ராத்திரி வேலை.

இரண்டாவது, நேரில் போவது. தஞ்சாவூர், புதுக்கோட்டை அணித் தோழர்களோடு சேர்ந்து கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருவோம். மைக்கைப் பிடிக்க வேண்டாம். யார் என்ன சொன்னாங்கன்னு அவங்க சம்மதத்தோடு பதிவு பண்ணுவோம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்போம், எழுதினதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவோம்.

மூன்றாவது, கார்டு போடுவதற்கு முன்னாடி ஒரு போன். கடலைப் பற்றிப் போட்டால் கரையில் இருக்கிற ஒருத்தரிடம், மலையைப் பற்றிப் போட்டால் கொல்லிமலையில் இருக்கிற ஒருத்தரிடம். "அண்ணா, இது சரியா இருக்குங்களா?" அவ்வளவுதான்.

என் கார்டை நான் எடுத்துட்டேன். புதுக் கார்டுக்கு வாசகம் சொல்லுடான்னு என் நண்பனையே கேட்டேன். அவன் அவங்க அப்பாவைக் கேட்டான். அவர் சொன்னது இது: "ஆவுளியாவும் இருக்கணும், நாங்களும் இருக்கணும் தம்பி. ரெண்டு பேரையும் கேட்டு எழுதுங்க. அது பேசாது, நாங்க பேசுவோம்."

அதைத்தான் போட்டிருக்கிறேன். படம்கூட இல்லை, எழுத்து மட்டும்.

வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கடைமடை வரைக்கும் போய்ச் சேர்ந்ததான்னு பார்ப்பவன்தான் நல்ல நீர்ப்பாய்ச்சி. ஒரு சட்டம் வந்தாலும் அப்படித்தான். கடைசி ஊரில், கடைசிப் படகில் இருக்கிறவர் காது வரைக்கும் போச்சா, அவர் சொன்னது திரும்பி வந்துச்சான்னு பார்ப்பதுதான் நம் அணியின் வேலை.



(இந்த உரையைப் பகிரும்போது கடலோர மாவட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காவது தனியாக அனுப்புங்கள். இதில் தப்பு இருந்தால் அவர்கள் சொல்லட்டும், திருத்திக்கொள்கிறோம்.)

#கரையைக்_கேளுங்கள் #பாக்_விரிகுடா #பரமத்திவேலூர்